தட்டணுவா, ஹீமட்டோகிரிட்டா? மதுரை வட்டார டெங்குவில் கடும் நோயின் இரத்தக் குறிகள்

டெங்கு என்று உறுதியானதும் மதுரையில் நோயாளியின் வீட்டார் முதலில் கேட்பது, 'பிளேட்லெட் எவ்வளவு இருக்கு?' என்பதுதான். பிளேட்லெட் எனப்படும் தட்டணுவின் எண்ணிக்கை இறங்கினால் பப்பாளி இலைச்சாறு தேடுவார்கள், இரத்தம் கொடுக்க ஆள் திரட்டுவார்கள். அந்தப் பதற்றம் நியாயமானது. தமிழகத்தில் 2012இலும் 2017இலும் அறுபதுக்கு மேற்பட்டோர் டெங்குவால் இறந்ததாக அரசுக் கணக்கே சொல்கிறது. ஆனால் அந்தக் கேள்வி பாதிக் கேள்வி என்பதே இக்கட்டுரையின் வாதம்.

டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அன்று, பிளாஸ்மாக் கசிவு. வைரஸின் என்.எஸ்.1 புரதமும் உடலின் எதிர்ப்பாற்றல் வெளியிடும் வேதிப்பொருள்களும் இரத்தக் குழாயின் உட்சுவரைத் தளர்த்துகின்றன. நீர்மம் நெஞ்சறைக்கும் வயிற்றறைக்கும் கசிகிறது. பெரும்பாலும் காய்ச்சல் தணியும் மூன்றாம் நாள் முதல் ஏழாம் நாளுக்குள் இது தொடங்கி, 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். 'சுரம் விட்டுருச்சு' என்று வீடு நிம்மதி அடையும் வேளையும் அதுதான். நீர்மம் வெளியேற, சிவப்பணுக்கள் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுவதால் இரத்தம் கெட்டிப்படுகிறது. அதை அளப்பதே ஹீமட்டோகிரிட்.

உலக சுகாதார நிறுவனத்தின் 2009 வழிகாட்டி, ஹீமட்டோகிரிட் ஏறுவதும் தட்டணு விரைந்து இறங்குவதும் சேர்ந்து வருவதையே அபாய அறிகுறியாகக் குறிக்கிறது. நாம் இரண்டில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டோம். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நடந்து 2017இல் 'லான்செட்' இதழில் வெளியான ஆய்வில், தட்டணு 20,000க்குக் கீழ் போன பெரியவர்களுக்கு முன்னெச்சரிக்கையாகத் தட்டணு ஏற்றியும் இரத்தப்போக்கு குறையவில்லை, பக்கவிளைவுகளே கூடின.

ஹீமட்டோகிரிட்டையும் ஒற்றை எண்ணாகப் படித்தால் ஏமாறுவோம். ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உண்டு. மேலூர்ப் பக்கம் நாற்று நடும் ஒரு பெண்ணின் வழக்கமான ஹீமட்டோகிரிட் 30 என்று கொள்வோம். கசிவு தொடங்கி அது 36 ஆகிறது. பெண்களுக்கு 36 இயல்பு எல்லைக்குள் அடங்குவதால் பரிசோதனைச் சீட்டில் எந்த அடையாளமும் இராது. அவளுக்கோ அது 20 விழுக்காடு ஏற்றம், கசிவுக்குச் சான்றாக மருத்துவ நூல்கள் வகுத்த அதே அளவு. முந்தைய எண் இல்லாததால் ஆபத்து கண்ணில் படாமல் போகிறது. இரத்தசோகை மிகுந்த சமவெளி ஊர்களுக்கு இதைவிட முக்கியமான எச்சரிக்கை எனக்குத் தெரியவில்லை.

அந்த முந்தைய எண்ணையும் நாமே அழிக்கிறோம். காய்ச்சலென்று போனால் குளுக்கோஸ் ஏற்றினால்தான் வைத்தியம் என்ற எண்ணம் நம்மிடம் வேரூன்றியிருக்கிறது. ஏற்றியபின் எடுக்கும் அளவு நீர்த்துப்போன இரத்தத்தின் அளவு. ஹீமட்டோகிரிட் இறங்கினாலும் நலமென்று கொள்ள முடியாது. நாடி தளர்ந்திருக்கையில் இறங்கினால் உள்ளே இரத்தம் கசிகிறதோ என்றே ஐயுற வேண்டும்.

இவ்விரு எண்களுக்கு அப்பால், ஃபெரிட்டின், சின்டெகன்-1, ஆஞ்சியோபொயெட்டின்-2, இன்டர்லூக்கின்-8 முதலிய இரத்தக் குறிகள் கடும் நோயை முதல் நாள்களிலேயே கணிக்க உதவக்கூடும் என்று வியட்நாம், கம்போடியா, மலேசியா, எல்சால்வடோர் நோயாளிகளை ஆராய்ந்தோர் 2021இல் காட்டினர். வரவேற்கத்தக்க முயற்சி. ஆனால் நம் மழைக்காலத்தில் டெங்குவுடன் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் வருகிறது. அதிலும் தட்டணு இறங்கும், கல்லீரல் நொதிகள் ஏறும், ஃபெரிட்டினும் உயரலாம். அந்நோயையும் சேர்த்து இங்கேயே சோதிக்காமல் இவற்றை வார்டுக்குள் கொண்டுவருவது அவசரம்.

ஹீமட்டோகிரிட்டுக்கு ஒரு நுண்குழாயும் சிறு மையவிலக்கியும் போதும். சில நிமிடங்களில் விடை கிடைக்கும். உசிலம்பட்டியோ வாடிப்பட்டியோ, காய்ச்சலோடு வருபவரை முதலில் பார்க்கும் மருத்துவர் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன்பே அந்த எண்ணை எடுத்து, நோயாளியின் சீட்டிலேயே எழுதிக் கொடுத்தனுப்ப வேண்டுகிறேன்.