சுவடும் அச்சமும்

அடிமுறை என்றதும் இன்று பலருக்கு 2020இல் வெளிவந்த ‘பட்டாஸ்’ திரைப்படம் நினைவுக்கு வரக்கூடும். நாஞ்சில் நாட்டிலும் அதற்கு மேற்கே கல்குளம், விளவங்கோடு பகுதிகளிலும் அது ஆசான்மார் வழிவழியாகக் கற்பித்துவந்த கலை. வட மலபார்க் களரியில் மெய்ப்பயிற்சி, கோல், இரும்பாயுதம் ஆகியவற்றைக் கடந்த பின்னரே வெறுங்கைக்கு வருவார்கள். தெற்கே வெறுங்கைதான் தொடக்கம்.

முதலில் ஒற்றைச்சுவடு. எதிரே ஆளில்லை. வராத அடியைத் தடுத்து, இல்லாத எதிரியைத் திருப்பி அடித்துப் பழக வேண்டும். இதையே நாள்தோறும் செய்யும் மாணவனுக்குச் சலிப்பு வராமலிருந்தால்தான் வியப்பு. பிறகு கூட்டச்சுவடு. அதே அசைவுகள், இப்போது எதிரே ஓர் ஆள். வரிசை முன்பே தெரியும்; ஆயினும் வேகம் கூடக்கூட அச்சம் எழுகிறது. கண் மூடுகிறது, மூச்சு நிற்கிறது, மனம் புதிதாக ஏதேனும் செய்யத் துடிக்கிறது. அக்கணத்தில் தன் யோசனையை நம்புவதா, காலில் ஊறிய சுவட்டை நம்புவதா? யோசித்து முடிப்பதற்குள் அடி விழுந்துவிடும்.

1741இல் நடந்த குளச்சல் போரை அடிமுறையின் வெற்றியாகவே சொல்வோர் உண்டு. நமக்கு அதில் முழு உடன்பாடில்லை. டச்சுப் படை முற்றுகையாலும், வெடிமருந்தில் பற்றிய தீயாலுமே பெரிதும் தளர்ந்து சரணடைந்தது. பிடிபட்ட டிலனாய் பின்னர் மார்த்தாண்ட வர்மரின் படைக்கே ஐரோப்பிய முறையில் துப்பாக்கிப் பயிற்சி அளித்தார்; 1777இல் இறந்த அவரது கல்லறை உதயகிரிக் கோட்டையில் இருக்கிறது. அவர் கற்பித்ததும் ஒருவகைச் சுவடுதான். புகையிலும் இரைச்சலிலும் கை தானாக மருந்திட்டு நிரப்ப வேண்டும். ஆனால் அங்கே நூறு பேர் ஓருடலாக இயங்கினார்கள். களரியில் ஒருவன் தன் உடலோடு தனித்து நிற்கிறான்.

1809இல் தலக்குளம் வேலுத்தம்பியின் கிளர்ச்சி தோற்றது. ஆரல்வாய்மொழி அரண் வீழ்ந்தது, திருவிதாங்கூர்ப் படை பெரும்பாலும் கலைக்கப்பட்டது. போருக்கென்று ஆள் பழக்கும் தேவை குறைந்தாலும் ஆசானிடம் வைத்தியம் எஞ்சியிருந்தது.

படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என 108 வர்மங்களைச் சொல்வார்கள். அவற்றை ஆசான் கடைசியில்தான், அதுவும் எல்லோருக்கும் அல்லாமல், காட்டுவார். இதை வெறும் மறைபொருள் மோகம் என்று தள்ளிவிட முடியவில்லை. யோசனைக்குக் காத்திராத கையை உருவாக்கியவர் அவரேயல்லவா? அந்தக் கைக்கு உயிர்நிலைகளும் தெரிந்துவிட்டால், சினத்தில் அது எங்கே போய் விழும் என்ற கவலை அவருக்கு இருக்கும். ஆகவே மாணவனின் பொறுமையைப் பல ஆண்டுகள் பார்த்திருந்துவிட்டு, வர்மத்தோடு அதை இளக்கும் முறையையும் சேர்த்தே கற்பித்தார்.