எது முந்துகிறதோ அது

காரின் டேஷ்போர்டு டிராயரில், டோல்கேட் ரசீதுகளுக்கும் உருகிப் போன மிட்டாய்க்கும் அடியில் ஒரு சின்னப் புத்தகம் கிடக்கும். சர்வீஸ் புக். அதில் ஒரு அட்டவணை. இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை மாதம், எது முந்துகிறதோ அப்போது இன்ன வேலை என்று போட்டிருக்கும்.

"எது முந்துகிறதோ அது" என்ற வாசகத்தை இருபது வருடமாகக் கடன் பத்திரங்களில் படித்து, வாடிக்கையாளர்களுக்கு விளக்கிச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறவன் நான். என் கார் விஷயத்தில் மட்டும் பாதி வாசகத்தைத்தான் படித்தேன்.

2022 மே மாதம். மச்சினன் கல்யாணத்துக்குக் கொல்கத்தாவிலிருந்து திருநெல்வேலிக்குக் காரிலேயே கிளம்பினோம். கார் வாங்கி ஆறு வருடம், ஓடியது நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர்தான். கொரோனா காலத்தில் மாதக்கணக்கில் அடுக்குமாடி பார்க்கிங்கில் தூசி மூடிக் கிடந்தது. "ஓடவே இல்லையே, எதுக்கு இப்ப செலவு?" என்று இரண்டு சர்வீஸைத் தள்ளிப் போட்டிருந்தேன். ஒடிசாவில் பத்ரக் தாண்டி சாயங்காலம் ஆறரை மணிக்கு, வலது லேனில் போய்க்கொண்டிருக்கும்போது எஞ்சின் நின்றுவிட்டது. ஸ்டியரிங் கல்லாகிவிட்டது. பின்னால் லாரி ஹாரன். பின் சீட்டில் மகளும் என் மாமியாரும். எப்படியோ உருட்டி ஓரத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். கை நடுக்கம் நிற்க அரை மணி நேரம் ஆனது.

டைமிங் பெல்ட் அறுந்திருந்தது. எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றோடொன்று மோதாமல் தாளம் தப்பாமல் ஓட வைக்கும் ரப்பர் பெல்ட் அது. அறுந்தால் பல எஞ்சின்களில் பிஸ்டன் போய் வால்வை இடித்து வளைத்துவிடும். என் வண்டியில் அதுதான் நடந்தது. புத்தகத்தில் அந்த பெல்ட்டுக்கு எதிரே அறுபதாயிரம் கிலோமீட்டர் அல்லது ஐந்து வருடம் என்று தெளிவாகப் போட்டிருந்தது. நான் கிலோமீட்டரை மட்டும் பார்த்தேன். வண்டி நின்றாலும் ரப்பருக்கு வயசாகிறது என்பதை யோசிக்கவில்லை. சில ஆயிரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை, பத்து மடங்குக்கு மேல் இழுத்துவிட்டது. கல்யாணத்துக்கு ரயிலில் போய்ச் சேர்ந்தோம், முகூர்த்தம் முடிந்த பிறகு.

ஊருக்குத் திரும்பி வந்ததும் இந்த அட்டவணை எங்கிருந்து வந்தது என்று தேட ஆரம்பித்தேன். பைசாவைக் கோட்டை விட்டவனுக்கு வரும் ஞானம்தான்!

கார்கள் வந்த புதிதில் ஓட்டுகிறவரும் மெக்கானிக்கும் ஒரே ஆள்தான். டிரைவரைக் குறிக்கும் 'சோஃபர்' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே நெருப்பு மூட்டிச் சூடேற்றுபவர் என்றுதான் அர்த்தம். நீராவி எஞ்சின் காலத்துச் சொல். ஹென்றி ஃபோர்டின் மாடல் டி கார் 1908-இல் வந்தது. சாதாரண மனிதன் வாங்கி, தானே ஓட்டுவதற்கான வண்டி. ஆனால் அதில் ஆயில் பம்பும் கிடையாது, ஆயில் ஃபில்டரும் கிடையாது. சுழலும் சக்கரம் ஆயிலை வாரி இறைக்கும், அதில் நனைவதுதான் எஞ்சினுக்குக் கிடைத்த எண்ணெய்க் குளியல். எந்த இடத்தில் எத்தனை மைலுக்கு ஒருமுறை எண்ணெய் விட வேண்டும் என்று ஒரு படத்தைக் கையேட்டில் போட்டுக் கொடுத்தார்கள். சோஃபர் வைத்துக்கொள்ள வசதியில்லாத ஆளுக்கு, சோஃபரின் அனுபவத்தைக் காகிதத்தில் எழுதிக் கொடுத்த மாதிரி. நம் சர்வீஸ் அட்டவணைக்கு இதைப் பாட்டன் எனலாம்.

பிறகு வந்த ஒவ்வொரு கண்டுபிடிப்பும் இந்த இடைவெளியை நீட்டிக்கொண்டே போனது. 1911-இல் அமெரிக்காவின் எஸ்.ஏ.இ. அமைப்பு எஞ்சின் ஆயிலுக்குத் தர விதி வகுத்தது. இன்று டப்பாவில் 20, 40 என்று பார்க்கிறோமே, அதன் தொடக்கம். 1920-களின் தொடக்கத்தில் ஸ்வீட்லேண்ட், கிரீன்ஹால்ஜ் என்ற இருவர் கார் எஞ்சினுக்கான ஆயில் ஃபில்டரைக் கொண்டுவந்தார்கள், பியூரோலேட்டர் என்ற பெயரில். அழுக்கு வடிகட்டப்பட்டதால் ஆயிலின் ஆயுள் கூடியது. 1929-இல் ஆஸ்கர் செர்க் காப்புரிமை பெற்ற கிரீஸ் நிப்பிள் வந்தது. துப்பாக்கி மாதிரி ஒரு கருவியை வைத்து அழுத்தினால் மூட்டுக்குள் கிரீஸ் போய்விடும்.

அந்த கிரீஸ் கன்னை நான் சின்ன வயதிலேயே பார்த்திருக்கிறேன். 1980-களின் கடைசியில் என் பெரியப்பா திருநெல்வேலி ஜங்ஷன் ஸ்டாண்டில் அம்பாசடர் டாக்ஸி ஓட்டினார். ஊரில் கிழவிகள் அதை 'பிளஷர்' என்பார்கள். சவாரி இல்லாத நாளில் பெரியப்பா வண்டிக்கு அடியில் படுத்து, முன் சக்கர மூட்டுகளுக்கு ஒவ்வொன்றாக கிரீஸ் அடிப்பார். துணியை எடுத்துக் கொடுப்பது என் வேலை.

அந்த அம்பாசடரின் கதை இப்போது நான் இருக்கும் இடத்திலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் நடந்தது. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் 1942-இல் குஜராத்தின் ஓக்காவில் தொடங்கி, 1948-இல் ஹூக்ளி நதிக்கரையில் உத்தர்பாராவுக்கு வந்தது. ஹவுராவிலிருந்து லோக்கல் ரயிலில் போனால் தொழிற்சாலையின் பெயரிலேயே ஹிந்த் மோட்டார் என்று ஒரு ஸ்டேஷன் வரும். பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரைத்தான் 1950-களின் பிற்பகுதியிலிருந்து இங்கே அம்பாசடர் என்ற பெயரில் தயாரித்தார்கள். பம்பாயில் பிரீமியர் ஆலை ஃபியட்டைச் செய்தது. அதுவே 1970-களில் பத்மினி ஆனது. நம் சென்னையில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. சராசரி இந்தியனுக்கு இந்த மூன்றை விட்டால் வேறு கதியில்லை.

அந்தக் கால மாரிஸ் கையேடுகள் கண்டிப்பான வாத்தியார்கள். தினமும் தண்ணீரும் ஆயிலும் பார், வாரம் ஒருமுறை டயர் காற்று, ஆயிரம் மைலுக்கு ஒருமுறை கிரீஸ், மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில். அம்பாசடர் வைத்திருந்தவர்களில் எத்தனை பேர் அந்த வாத்தியார் சொன்னதைக் கேட்டார்கள்? வண்டி புக் பண்ணினால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டிய காலம். கார் வாங்கியதே பெரிய விஷயம், கையேட்டைத் தேடுவார்களா? நின்றால் தள்ளு, இல்லையென்றால் புளியமரத்தடி மெக்கானிக்கைக் கூப்பிடு. அவர் பானட்டில் காதை வைத்துக் கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். அது தனித் திறமை, மறுக்கவில்லை. ஆனால் நோய் வந்த பிறகுதான் அந்த வைத்தியருக்கு வேலை.

பெரியப்பா அப்படி இல்லை. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் நாற்பது பக்க நோட்டு ஒன்று வைத்திருப்பார். தேதி, மீட்டர் அளவு, செய்த வேலை. 'ஆயில் மாத்தியது', 'பாயிண்ட் தேச்சது', 'டேப்பட் செட்டிங்' என்று கோணல் எழுத்தில் இருக்கும். நான் ஒருமுறை, "ஏன் பெரியப்பா, வண்டி நல்லாத்தானே ஓடுது?" என்று கேட்டேன்.

"ஏலே, வண்டி வாயைத் திறந்து பேசாதுலே. பேசுச்சுன்னா அன்னைக்குச் சவாரி போச்சு. நாமதான் எழுதி வச்சுப் பாக்கணும்."

எட்டாம் வகுப்பு தாண்டாதவர். பிழைப்பு அந்த வண்டியில் இருந்ததால் அவருக்கு அது தெரிந்திருந்தது.

பெரியப்பாவின் நோட்டு அச்சடித்த புத்தகமாகப் பெருவாரியான குடும்பங்களின் கைக்கு வந்தது மாருதியோடுதான் என்பேன். 1983 டிசம்பர் 14-ஆம் தேதி பிரதமர் இந்திரா காந்தி முதல் மாருதி 800-இன் சாவியைக் கொடுத்தார். சின்ன ஜப்பானிய வடிவமைப்பு, 796 சிசி எஞ்சின். நாம் எல்லோரும் விலையையும் மைலேஜையும்தான் பேசினோம். அதோடு வந்த பழக்கத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. ஆயிரம் கிலோமீட்டரில் முதல் சர்வீஸ், பிறகு ஐயாயிரம், பத்தாயிரம். இலவச சர்வீஸ் கூப்பன். கம்பெனி அங்கீகரித்த ஒர்க்‌ஷாப். செய்த வேலைக்கு முத்திரை. எஞ்சினைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆசிரியையும் ஆபீஸ் குமாஸ்தாவும் தைரியமாகக் கார் வாங்க முடிந்தது இதனால்தான். டிரைவர், மெக்கானிக் இருவரின் அனுபவமும் புத்தகத்துக்குள் வந்துவிட்டதே!

அடுத்த திருப்பம் காற்று மாசால் வந்தது. 1995 ஏப்ரல் 1 முதல் நான்கு பெருநகரங்களில் ஈயமில்லா பெட்ரோலும், புதுக் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வெர்ட்டரும் வந்தன. 1999-இல் உச்ச நீதிமன்றம் தலைநகர்ப் பகுதியில் யூரோ விதிகளைக் கட்டாயமாக்கியது. கார்புரேட்டர் போய், கம்ப்யூட்டர் அளந்து விடும் இன்ஜெக்‌ஷன் வந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்.6. காதை வைத்துக் கேட்ட மெக்கானிக் இப்போது கணினியைச் செருகிப் பார்க்கிறார். பாயிண்ட் தேய்ப்பதும் கார்புரேட்டர் ட்யூனிங்கும் அட்டவணையிலிருந்தே காணாமல் போய்விட்டன. இன்றைய பல கார்களில் ஆயில் மாற்றம் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அல்லது வருடத்துக்கு ஒருமுறைதான்.

இங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். பெரியப்பாவின் வண்டி வாரா வாரம் கவனிப்பு கேட்டது, அதனால் மறக்க வழியில்லை. என் வண்டி வருடத்துக்கு ஒருமுறைதான் கேட்கிறது, அதனால் மறந்தே போகிறது.

பி.காம். முதல் வருடத்தில் தேய்மானம் என்று ஒரு பாடம் உண்டு. இயந்திரம் உழைப்பதாலும் தேயும், சும்மா காலம் போவதாலும் தேயும் என்று படித்துத் தேர்வில் மார்க்கும் வாங்கினேன். சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும் இரண்டு கட்டங்களும் அதே பாடம்தான். டயர் தடம், பிரேக் பேட், கிளட்ச் எல்லாம் ஓட ஓடத் தேயும். ஆயில், கூலண்ட், ரப்பர் குழாய், பெல்ட், பேட்டரி எல்லாம் நின்றாலும் கெடும். பிரேக் ஆயில் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும். ஈரம் ஏறிய ஆயில் மலைப்பாதை இறக்கத்தில் சூடாகிக் கொதித்தால், பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும். பல கம்பெனிகள் அதை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனால்தான். எலெக்ட்ரிக் கார் வாங்கியவர்களும் முழுக்கத் தப்பிவிட முடியாது. எஞ்சின் ஆயில்தான் கிடையாது, பிரேக் ஆயிலும் டயரும் அங்கேயும் உண்டு.

நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இது கொஞ்சம் கூடுதலாகப் பொருந்தும். வாரம் முழுக்க மெட்ரோவிலோ ஆபீஸ் பஸ்ஸிலோ போவோம். கார் கீழே நிற்கும். பிறகு கோடை விடுமுறையில் திடீரென்று குழந்தைகளையும் பெரியவர்களையும் ஏற்றிக்கொண்டு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டர் ஒரே மூச்சில் ஊருக்கு. நின்று கெட்ட வண்டிக்கு இதைவிடக் கடினமான பரீட்சை வேறில்லை. ஊருக்குப் போகும் முதல் நாள் கண்ணாடி துடைப்பதை விட, ஒரு மாதம் முன்பே அந்த அட்டவணையில் மாதக் கணக்கு உள்ள கட்டத்தை விரலை வைத்துப் படித்துவிடுங்கள். பழைய கார் வாங்கியிருந்தால், முத்திரை இல்லாத பக்கத்தைச் செய்யாத வேலை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உத்தர்பாரா ஆலையில் 2014-இல் அம்பாசடர் உற்பத்தி நின்றது. அதே வருடம் மாருதி 800-உம் நின்றுபோனது. பெரியப்பாவும் இப்போது இல்லை. போன முறை ஊருக்குப் போனபோது அவருடைய நோட்டு கிடைக்குமா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "அதை என்னைக்கோ பழைய பேப்பர்காரன்கிட்ட போட்டாச்சுப்பா" என்றார்.

என் காரில் இப்போது ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது. முதல் பக்கத்தில் புது பெல்ட் மாற்றிய தேதி. அடுத்து எப்போது என்பதற்குக் கிலோமீட்டரையும் வருடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எழுதிக் கொடுத்தது மகள். பின் சீட்டில் இருந்தவள் அவள்தானே.