வீட்டோடு வந்த உரிமை: இரண்டு பியர் ஊர்களின் கதை

நம் எல்லோருடைய கிரயப் பத்திரத்திலும் யு.டி.எஸ். என்று ஒரு வரி இருக்கும். வளாகத்தின் நிலத்தில் நமக்குள்ள பிரிக்கப்படாத பங்கு அது. அதை மட்டும் தனியாக எடுத்து யாருக்கும் விற்க முடியாது. வீட்டை விற்றால் அதுவும் வீட்டோடு போய்விடும்.

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில், செக் நாட்டு எல்லையை ஒட்டிய ஓபர்ஃபால்ட்ஸ் என்ற பகுதியில், சில வீடுகளின் பதிவேட்டிலும் இப்படி ஓர் உரிமை எழுதப்பட்டிருக்கிறது. அது பியர் காய்ச்சும் உரிமை. இதுவும் ஆளுக்கு உரியதல்ல, வீட்டுக்கு உரியது. வீட்டை யார் வாங்கினாலும் ஊரின் பொதுக் காய்ச்சுகூடத்தைப் பயன்படுத்தும் உரிமை அவருக்குக் கிடைக்கும்.

பியர் என்றதும் சிலர் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போக நினைக்கலாம். குடிக்காதவர்களும் தாராளமாகப் படிக்கலாம். பலருக்குச் சொந்தமான ஒரு பொதுச்சொத்தை எப்படி நடத்துவது என்ற கேள்விக்கு, நேர்கோட்டில் சுமார் 90 கிலோமீட்டர் இடைவெளியில் இருக்கும் இரண்டு ஊர்கள் இரண்டு விதமாகப் பதில் சொன்ன கதை இது. நம் பொதுக்குழுவில் நாம் பேசும் விஷயங்களுக்கு அது அவ்வளவு தூரமில்லை.

முதல் ஊர்: பில்சன்

இன்றைய செக் நாட்டில் இருக்கும் பில்சன் நகரத்தை 1295இல் நிறுவியவர் இரண்டாம் வென்செஸ்லாஸ் மன்னர். பியர் காய்ச்சி விற்கும் உரிமையை அவர் நகரத்தின் வீட்டு உரிமையாளர்களுக்குக் கொடுத்தார். அப்படி உரிமை பெற்ற வீடுகள் சுமார் 260 என்று சொல்வார்கள். வீட்டுக்காரர்கள் முறை வைத்துக் காய்ச்சினார்கள், அவரவர் வீட்டிலேயே விற்றார்கள். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேல் இப்படியே ஓடியது.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. முறை வைத்துக் காய்ச்சினால் ஒருவர் கவனமாகச் செய்வார், அடுத்தவர் ஏனோதானோவென்று செய்வார். ஒரு வாரம் நன்றாக இருக்கும், மறுவாரம் புளித்துக் கெட்டிருக்கும். வாங்குகிறவருக்கு எது கிடைக்கும் என்று தெரியாது. பக்கத்திலிருக்கும் பவேரியாவிலோ குளிர்ந்த நிலவறைகளில் மெதுவாகப் புளிக்கவைத்த பியர் சீரான தரத்தில் வந்துகொண்டிருந்தது. 1838இல் பில்சன் மக்கள் பொறுமை இழந்தார்கள். குடிக்கத் தகாதது என்று 36 பீப்பாய் பியரை நகர மன்றக் கட்டடத்தின் முன்னால் கொட்டிக் கவிழ்த்தார்கள் என்பது அந்த ஊர் வரலாற்றில் பெயர்பெற்ற நிகழ்ச்சி.

அடுத்து நடந்ததுதான் முக்கியம். 1839இல் உரிமை பெற்ற வீட்டுக்காரர்கள் ஒன்றுகூடி, அனைவருக்கும் பொதுவாகப் புதிய காய்ச்சுகூடம் ஒன்றைக் கட்ட முடிவெடுத்தார்கள். கட்டடத்தை வடிவமைக்க மார்ட்டின் ஸ்டெல்ட்ஸர் என்ற கட்டடக் கலைஞரை அமர்த்தினார்கள். காய்ச்சுவதற்கு பவேரியாவின் வில்ஸ்ஹோஃபன் ஊரிலிருந்து யோசஃப் க்ரோல் என்பவரைச் சம்பளத்துக்கு அழைத்துவந்தார்கள். அப்போது அவருக்கு வயது முப்பதுகூட ஆகவில்லை.

க்ரோல் கையில் நான்கு நல்ல பொருள்கள் சேர்ந்தன. முதலாவது, உப்புகள் மிகக் குறைந்த பில்சன் தண்ணீர். நம் ஊரில் கடின நீரில் பருப்பு வேகாது என்பது நமக்குத் தெரியும். பியரிலும் தண்ணீரின் குணம் அப்படியே தெரியும். மென்மையான நீரில் காய்ச்சினால் ஹாப்ஸின் கசப்பு நாக்கில் கரகரப்பாக நிற்காமல் சுத்தமாக வந்துபோகும். இரண்டாவது, அந்த வட்டாரத்தின் ஜாடெட்ஸ் ஊரில் விளையும் மணமான ஹாப்ஸ். ஹாப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ, பியருக்குக் கசப்பும் மணமும் தருவது அதுதான். மூன்றாவது, நேரடி நெருப்பும் புகையும் படாமல் சூடான காற்றில் உலர்த்திய, நிறம் ஏறாத முளைகட்டிய பார்லி. இங்கிலாந்தில் வளர்ந்த முறை இது. நான்காவது, குளிரில் அடியில் தங்கி மெதுவாக வேலை செய்யும் பவேரிய ஈஸ்ட்.

1842 அக்டோபர் 5ஆம் தேதி முதல் காய்ச்சல் நடந்தது. நவம்பர் 11, புனித மார்ட்டின் திருநாளன்று, அது மக்களுக்குக் கிடைத்தது. பெரும்பாலான பியர்கள் கருமையாகவோ கலங்கலாகவோ இருந்த காலம் அது. இதுவோ பொன்னிறத்தில், கோப்பையின் மறுபக்கம் தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்தது. இன்று உலகம் முழுவதும் பியர் என்றால் நம் கண்முன் வரும் மஞ்சள் நிறக் கண்ணாடிக் கோப்பை, நம் ஊர்க் கடைகளில் விற்கும் லாகர் வரைக்கும், பெரும்பாலும் இந்தக் காய்ச்சலின் வாரிசுதான். க்ரோல் 1845இல் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பிவிட்டார். அவர் விட்டுச்சென்ற முறை உலகம் சுற்றியது.

எல்லோரும் பில்ஸ்னர் என்று பெயர் வைத்து விற்க ஆரம்பித்ததால், 'மூல ஊற்று' என்று பொருள்படும் 'பில்ஸ்னர் உர்க்வெல்' என்ற பெயரை 1898இல் காய்ச்சுகூடத்தார் பதிவு செய்தார்கள். இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு காய்ச்சுகூடம் அரசுடைமை ஆனது. பின்னர் தனியார் கைக்குப் போய், 1999இல் ஒரு தென்னாப்பிரிக்க நிறுவனத்துக்கும், 2017இல் ஜப்பானின் ஆசாஹி நிறுவனத்துக்கும் சொந்தமானது. வீட்டுக்காரர்கள் சேர்ந்து கட்டிய இடத்தின் முடிவுகள் இன்று வேறொரு கண்டத்தில் எடுக்கப்படுகின்றன. பியர் நன்றாகவே இருக்கிறது. வீட்டுக்கும் அதற்கும் இருந்த தொடர்புதான் அறுந்துபோனது.

இரண்டாவது ஊர்: விண்டிஷ்எஷன்பாஹ்

எல்லைக்கு இந்தப் பக்கம், ஓபர்ஃபால்ட்ஸில், அதே பழைய முறை சில சிற்றூர்களில் நின்றுவிட்டது. ஒருகாலத்தில் பல ஊர்களில் இருந்தது, இன்று ஐந்தே ஊர்கள்: விண்டிஷ்எஷன்பாஹ், நொய்ஹவுஸ், ஃபால்கன்பெர்க், மிட்டர்டைஹ், எஸ்லார்ன். இவற்றில் நொய்ஹவுஸுக்குக் காய்ச்சும் உரிமை 1415இலேயே கிடைத்தது. இங்கே காய்ச்சும் பியரின் பெயர் சொய்கில்.

சொய்கில் என்பது அந்த வட்டார வழக்கில் 'அடையாளம்' என்று பொருள்படும் சொல்லிலிருந்து வந்தது. எந்த வீட்டில் இந்த வாரம் பியர் தயாரோ அந்த வீட்டு வாசலில் ஓர் அறுமுனை நட்சத்திரத்தைக் கம்பில் கட்டித் தொங்கவிடுவார்கள். பார்த்தால் யூதர்களின் தாவீது நட்சத்திரம் போலவே இருக்கும், ஆனால் இது காய்ச்சுபவர்களின் தொழில் அடையாளம். நியூரம்பெர்க் நகரில் சுமார் 1425இல் வரைந்த ஓர் ஓவியத்தில் பியர் காய்ச்சுபவர் ஒருவரின் தலைக்கு மேலே இதே நட்சத்திரம் தொங்குகிறது. ஒரு முக்கோணம் நெருப்பு, நீர், காற்று. மற்றொன்று பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் என்று விளக்கம் சொல்வார்கள். இதில் ஈஸ்ட் இல்லை என்பதைக் கவனியுங்கள். பியரில் எதெல்லாம் சேரலாம் என்று 1516இல் பவேரியாவில் போட்ட புகழ்பெற்ற சட்டத்திலும் ஈஸ்ட் இல்லை. அது ஓர் உயிர் என்பதே அன்று யாருக்கும் தெரியாது. அதைப் பற்றிய தெளிவு 19ஆம் நூற்றாண்டில் பாஸ்டர் காலத்தில்தான் வந்தது.

வேலை எப்படி நடக்கிறது? ஊர்ப்பொதுக் காய்ச்சுகூடத்தில் பெரிய கொப்பரை இருக்கும், அடியில் விறகு எரியும். முறை வந்த வீட்டார் முளைகட்டிய பார்லியை அரைத்து, வெந்நீரில் ஊறவைத்து, இனிப்புச் சாற்றை வடித்து, ஹாப்ஸ் போட்டுக் கொதிக்கவைப்பார்கள். பிறகு அகலமான, ஆழமில்லாத தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிடுவார்கள். மறுநாள் அந்தச் சாற்றைத் தொட்டிவண்டியில் ஏற்றி அவரவர் வீட்டு நிலவறைக்குக் கொண்டுபோவார்கள். ஈஸ்ட் சேர்ப்பதும், புளிக்கவைப்பதும், பல வாரம் குளிரில் பக்குவப்படுத்துவதும் வீட்டில்தான். ஒவ்வொரு முறையும் காய்ச்சுகூடத்துக்குக் 'கொப்பரைக் காசு' என்று ஒரு கட்டணம் கட்ட வேண்டும். பயன்படுத்துகிறவர் கட்டுகிறார், அந்தப் பணம் கூடத்தின் பராமரிப்புக்குப் போகிறது. நம் பார்ட்டி ஹாலுக்கு நாம் கட்டுவது போலத்தான்.

விற்பனைக்கும் முறை உண்டு. இந்த வார இறுதியில் ஒரு வீடு, அடுத்த வார இறுதியில் வேறொரு வீடு என்று ஆண்டு முழுவதுக்கும் நாள்காட்டி போட்டுவிடுவார்கள். வீட்டுக்காரர் தம் வீட்டிலேயே நீள மேசை போட்டு, ரொட்டியும் குளிர்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் வைப்பார். முன்பின் தெரியாதவர்களும் ஒரே பெஞ்சில் நெருக்கி உட்கார வேண்டும். 2018இல் இந்தப் பழக்கத்தை ஜெர்மனி தன் தேசிய மரபுச் செல்வங்களின் பட்டியலில் சேர்த்தது.

நாக்கு என்ன சொல்லும்?

நீங்கள் அந்தப் பக்கம் போனால் இரண்டையும் ருசித்து ஒப்பிடலாம். பிள்ளைகள் ஜெர்மனியில் படிக்கிற அல்லது வேலை பார்க்கிற குடும்பங்கள் இப்போது எத்தனையோ.

பில்ஸ்னர் உர்க்வெல்லை முதலில் கண்ணால் பாருங்கள்: தெளிந்த பொன்னிறம், மேலே அடர்த்தியான வெண்நுரை. முகர்ந்தால் புல், மூலிகை வாசனை. வாயில் முதலில் ரொட்டியின் இனிப்பு, லேசான வெண்ணெய்ச் சாயல். பிறகு கசப்பு எழுந்து, விழுங்கியபின்னும் கொஞ்ச நேரம் நிற்கும். காய்ச்சும்போது பார்லிக் கரைசலின் ஒரு பகுதியைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்ப்பதை மூன்று முறை செய்கிறார்கள். அந்த நிறைவான சுவைக்கு அது ஒரு காரணம். பில்சன் காய்ச்சுகூடத்தின் அடியில் சுமார் 9 கிலோமீட்டர் நீள நிலவறைச் சுரங்கங்கள் உள்ளன. சுற்றிப் பார்க்கப் போனால் அங்கே ஓக் பீப்பாயிலிருந்து வடிகட்டாத பியரை ஊற்றித் தருவார்கள். கடையில் வாங்கும் பாட்டிலை அதோடு ஒப்பிட்டால், வடிகட்டும்போது எது போகிறது என்று நாக்குக்கே தெரியும்: கொஞ்சம் உடல், கொஞ்சம் ஈஸ்ட்டின் வாசனை.

சொய்கில் பெரும்பாலும் பொன்னிறத்துக்கும் செம்புநிறத்துக்கும் நடுவில், லேசான கலங்கலோடு வரும். வாயு குறைவு, வாயில் மெத்தென்று இருக்கும், கசப்பைவிட ரொட்டிச் சுவை முன்னே நிற்கும். ஆனால் இதுதான் சொய்கில் என்று ஒரே வார்த்தையில் சொல்ல முடியாது. அதே கொப்பரை, அதே தண்ணீர், அதே விறகு. ஆனாலும் இந்த வீட்டில் ஒரு ருசி, அடுத்த வீட்டில் வேறு ருசி. எவ்வளவு ஹாப்ஸ் போட்டார்கள், நிலவறை எவ்வளவு குளிர், எத்தனை வாரம் வைத்தார்கள் என்று வீட்டுக்கு வீடு மாறும். ஒரே கல்யாணத்துக்கு ஒரே கடையில் வாங்கிய சாம்பார் பொடி, ஆறு வீட்டில் ஆறு விதமாக மணக்கிறதே, அப்படி. உள்ளூர்க்காரர்களுக்கு எந்த வீட்டுச் சொய்கில் உயர்ந்தது என்பது தீராத வழக்கு.

ஒப்பிடும்போது சில விஷயங்களை நினைவில் வையுங்கள். ஐஸ் போலக் குளிர்ந்தால் நாக்கு மரத்துவிடும், 7 டிகிரி அளவு போதும். ஒவ்வொன்றிலும் கொஞ்சமாக ஊற்றி, இடையில் தண்ணீரும் ரொட்டியும் எடுத்துக்கொள்ளுங்கள். கசப்புக் குறைந்ததிலிருந்து கூடியதற்குப் போங்கள், அதாவது சொய்கில் முதலில், பில்ஸ்னர் பிறகு. மறுநாள் கார் ஓட்டினால் போதும் என்று திட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

எந்த ஊர் சரி?

பில்சன் வீட்டுக்காரர்கள் செய்ததைக் குறை சொல்ல முடியாது. 36 பீப்பாயைக் கொட்டிய பிறகு பழைய முறையிலேயே தொடர்ந்திருந்தால் ஊரின் பெயரே மறைந்திருக்கும். எல்லோரும் பணம் போட்டு, வேலை தெரிந்த ஒருவரிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள், உலகத்துக்கே ஒரு பியர் கிடைத்தது. ஆனால் பொறுப்பைக் கொடுத்த பிறகு வீட்டுக்காரர் கொப்பரைப் பக்கம் போகவேண்டிய அவசியம் இல்லாமல் போனது. வளர்ந்தபின் அது அவர்கள் கைக்குள் அடங்கும் அளவிலும் இல்லை.

ஓபர்ஃபால்ட்ஸ் வீடுகள் வளரவில்லை. அவர்களுக்கும் தொல்லை வந்தது, வேறு உருவில். சொய்கில் என்ற பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லாததால், பெரிய காய்ச்சுகூடங்கள் தங்கள் பாட்டிலில் அந்தப் பெயரைப் போட்டு விற்கத் தொடங்கின. பொதுக்கூடத்தில் காய்ச்சுபவர்கள் 'உண்மையான சொய்கில்' என்று தனி முத்திரை வைத்துத் தங்களை வேறுபடுத்திக்கொண்டார்கள். உரிமை இருக்கிற வீடுகளில் எல்லாரும் இன்று காய்ச்சுவதில்லை. இரவு முழுக்க விழித்து, விறகு போட்டு, நிலவறையைக் கழுவ ஆள் வேண்டும். உரிமை பதிவேட்டில் இருப்பதால் மட்டும் பியர் வந்துவிடாது. முறை வரும்போது எழுந்து போகிறவர்கள் இருக்கிற ஐந்து ஊர்களில்தான் கொப்பரை இன்னும் சூடாகிறது.

நம் வளாகத்திலும் லிஃப்ட், ஜெனரேட்டர், கழிவுநீர்ச் சுத்திகரிப்பு எல்லாவற்றையும் ஓர் ஏஜென்சியிடம் ஒப்படைப்பதா, நாமே குழு போட்டுப் பார்த்துக்கொள்வதா என்ற பேச்சு அடிக்கடி வருகிறது. வேலை தெரிந்தவரை அமர்த்துவதில் தவறே இல்லை, க்ரோல் அதற்குச் சாட்சி. கணக்கைப் பார்ப்பது, கூட்டத்துக்கு வருவது, முறை வரும்போது குழுவில் ஓராண்டு உட்காருவது ஆகியவற்றை மட்டும் யாரிடமும் ஒப்படைக்க முடியாது. அடுத்த பொதுக்குழுவில் செயற்குழுவுக்குப் பெயர் கேட்கும்போது, இந்த முறை நட்சத்திரம் உங்கள் வாசலில் தொங்கட்டும்.