மணி மண்டபம் முதல் மெஷ் ரேடியோ வரை

ஸ்ரீவில்லிபுத்தூர் என்றதும் எல்லோருக்கும் பால்கோவா ஞாபகம் வரும். அடுத்து ஆண்டாள் கோயில் கோபுரம். பக்கத்து ஊர் ராஜபாளையம் என்றால் நாய், பஞ்சாலை. ஆனால் இந்தப் பக்கத்துக்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இன்னொரு விஷயமும் உண்டு. டவர், சிம் கார்டு, கரண்ட் எதுவும் இல்லாத காலத்திலேயே இங்கிருந்து மதுரைக்கு ஒரு நெட்வொர்க் ஓடியதாம்!

மதுரையை 1623 முதல் 1659 வரை ஆண்டவர் திருமலை நாயக்கர். ஆண்டாளுக்கு உச்சிக்கால பூஜை முடிந்த பிறகுதான் அவர் சாப்பிட உட்காருவாராம். பூஜை நடப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில், ராஜா இருப்பது சுமார் 75 கிலோமீட்டர் தள்ளி மதுரையில். முடிந்தது எப்படித் தெரியும்? அதற்காக வழி நெடுக மணி மண்டபங்கள் கட்டினார் என்கிறார்கள். கோயிலில் மணி அடித்ததும் முதல் மண்டபத்து ஆள் அதைக் கேட்டுத் தன் மணியை அடிப்பார். அது அடுத்த மண்டபத்துக்குக் கேட்கும். அவர் தன் மணியை அடிப்பார். இப்படியே மதுரை வரை. கட்டபொம்மனுக்குத் திருச்செந்தூரிலிருந்து பாஞ்சாலங்குறிச்சிக்கு மணி வந்ததாகச் சொல்லும் கதையும் இதே மாதிரிதான்.

இது வாய்வழியாக வந்த செய்தி. நடக்கக் கூடியதா என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் போகும். 75 கிலோமீட்டருக்கு 3 நிமிடம் 40 நொடி. இரண்டரை கிலோமீட்டருக்கு ஒரு மண்டபம் என்று வைத்தால் 30 மண்டபம். ஒவ்வொரு ஆளும் காதில் வாங்கி, கயிற்றை இழுக்க 5 நொடி என்றால் இரண்டரை நிமிடம். ஆக மொத்தம் ஆறு நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். குதிரையில் போனால் பல மணி நேரம் ஆகும் செய்தி, இலை போட்டு முடிப்பதற்குள் வந்துவிடும்!

ஒரே ஒரு சிக்கல். நடுவில் ஒரு ஆள் தூங்கிவிட்டால் ராஜா பட்டினி.

ஒருவர் கேட்டு அடுத்தவருக்கு...

தூரத்தை ஒரேயடியாகத் தாண்ட முடியாவிட்டால் துண்டு துண்டாகத் தாண்டு என்பதுதான் இதன் தத்துவம். பிரான்சில் 1794ல் கிளோட் ஷாப் என்பவர் பாரிஸிலிருந்து லில் நகரம் வரை கோபுரங்கள் நிறுத்தி, அவற்றின் மேல் மரக் கைகளை ஆட்டிச் செய்தி அனுப்பினார். ஒவ்வொரு கோபுரத்திலும் ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து, அப்படியே திருப்பி ஆட்ட வேண்டும். மணி ஒரே ஒரு செய்தியைத்தான் சொல்லும், "முடிந்தது" என்று. ஷாப்பின் கைகள் வார்த்தைகளையே சொல்லின. ஆனால் அங்கேயும் அதே சிக்கல்தான். ஒரு கோபுரம் பனியில் மறைந்தால் மொத்த வரிசையும் ஊமை.

அப்புறம் தந்தி வந்தது, வயர்லெஸ் வந்தது. 1971ல் ஹவாய் பல்கலைக்கழகம் தீவுகளில் இருந்த கம்ப்யூட்டர்களை ரேடியோ வழியாக இணைத்தது. அதற்கு அலோஹாநெட் என்று பெயர். அதே 1970களில் அமெரிக்க ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டார்பா, சான் பிரான்சிஸ்கோ பக்கத்து மலைகளில் ரேடியோப் பெட்டிகளை வைத்து இன்னொரு சோதனை செய்தது. ஒரு பெட்டி கெட்டுப்போனால் செய்தி வேறு பெட்டி வழியாகச் சுற்றிப் போகும். ராஜா பட்டினி கிடக்கத் தேவையில்லை! வரிசை வலையாக மாறியது இங்கேதான். மெஷ் என்பதற்கு அர்த்தமே வலைக்கண்தான்.

2004 டிசம்பர், போர்ட் பிளேர்

டவர் இல்லாத தொடர்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. 2004 டிசம்பரில் ஹைதராபாத்தின் தேசிய அமெச்சூர் ரேடியோ நிறுவனத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத், ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போயிருந்தார். பல வருடங்களாக ஹாம் ரேடியோ ஒலிக்காத தீவுகள் அவை. அங்கிருந்து உலகத்து ஹாம்களோடு பேசுவதுதான் திட்டம். ஹோட்டலில் ஆன்டெனா கட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26ம் தேதி காலை பூமி அதிர்ந்தது, பின்னாலேயே சுனாமி.

வழக்கமான தொடர்புகள் துண்டிக்கப்பட்ட நிலையில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுபோன அந்தக் கருவிகள் உயிர்நாடியாகிவிட்டன. யார் உயிரோடு இருக்கிறார்கள், எங்கே உதவி வேண்டும் என்ற செய்திகள் அவர்கள் வழியாகப் போயின. மறுமுனையில் கேட்ட ஹாம்கள் அவற்றை உறவினர்களுக்கும் அதிகாரிகளுக்கும் சொன்னார்கள். மணி மண்டபத்து ஆள் செய்த அதே வேலை!

ஆனால் ஹாம் ஆவதற்குப் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும். எல்லோராலும் முடியுமா?

கைக்குள் ஒரு மண்டபம்

இங்கேதான் லோரா வருகிறது. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்ளியோ என்ற சின்னக் கம்பெனி உருவாக்கிய நுட்பம் இது. 2012ல் அமெரிக்காவின் செம்டெக் அந்தக் கம்பெனியை வாங்கியது. குருவி கூவுவது போல அலையின் அதிர்வெண்ணை ஏற்றி இறக்கி அனுப்புவதால், இரைச்சலுக்குள் அமுங்கிப்போன சிக்னலையும் ரிசீவர் பிடித்துவிடும். வேகம் மிகக் குறைவு. பாட்டு, படம் எதுவும் போகாது. ஆனால் குறைந்த பேட்டரியில், எதிரே மறைப்பு இல்லாவிட்டால் பல கிலோமீட்டர் போகும்.

இதை வைத்து கெவின் ஹெஸ்டர் என்பவர் 2020ல் தொடங்கியது மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருள். மலை ஏறுபவர்கள் சிக்னல் இல்லாத இடத்தில் பேசிக்கொள்ள வேண்டும் என்பதுதான் நோக்கம். சட்டைப் பையில் அடங்கும் கருவி, விலை சில ஆயிரம் ரூபாய். புளூடூத்தில் செல்போனோடு இணைத்து டைப் செய்தால் போதும். பக்கத்தில் இருக்கும் கருவி கேட்டுத் திருப்பி அனுப்பும். அதற்கு முன்னால் கொஞ்சம் காத்திருக்கும். வேறொன்று ஏற்கெனவே அனுப்பிவிட்டால் தான் சும்மா இருந்துவிடும். சாதாரணமாக மூன்று தாவல், அதிகபட்சம் ஏழு.

இந்தியாவில் 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையான அலைவரிசை 2005லேயே குறைந்த சக்திக் கருவிகளுக்கு லைசென்ஸ் இல்லாமல் திறந்துவிடப்பட்டது. 2021ல் அது 868 வரை நீண்டது.

ஒரு சின்ன வருத்தம். ஒரு செய்திக்குச் சுமார் 200 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட், தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். தமிழில் எழுதினால் இடம் மூன்றில் ஒரு பங்காகிவிடும்! இருந்தாலும் "ஓடையில் வெள்ளம், கீழே இறங்காதீங்க" என்பது நூறு பைட்டுக்குள் அடங்கிவிடும்.

யார் மணி அடிப்பது?

அந்த ஒரு வரி எவ்வளவு முக்கியம் என்று ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் தெரியும். 2015 மே மாதம் அமாவாசைக்குச் சதுரகிரி ஏறியவர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கினார்கள். சிலர் உயிரிழந்தார்கள். பலர் மேலேயே மாட்டிக்கொண்டார்கள். மழை மலை உச்சியில் பெய்யும், அடிவாரத்தில் வெயில் அடிக்கும். மேலே இருப்பவருக்குத் தெரிந்தது கீழே ஓடையைத் தாண்டுபவருக்குத் தெரியாது. மலைப்பாதையில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. உச்சியில் ஒன்று, வழியில் இரண்டு, தாணிப்பாறையில் ஒன்று என்று கருவிகள் இருந்தால் அந்தச் செய்தி சில நொடிகளில் இறங்கிவிடும்.

ஆனால் இது மந்திரம் இல்லை. பாறையும் அடர்ந்த காடும் அலையை மறைக்கும். ஆயிரம் பேர் ஒரே நேரத்தில் அனுப்பினால் நெரிசலில் எதுவும் போகாது. அந்தக் காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். வனத்துறை சம்மதிக்காமல் ஒரு பெட்டி கூட வைக்க முடியாது.

வரவு செலவு பார்த்தால் இன்னொன்றும் புரியும். மண்டபம் கட்டுவது ஒருமுறைச் செலவு. தினமும் மதியம் அங்கே ஆள் நிற்பதுதான் ஓயாத செலவு. கல் மண்டபம் தானாக மணி அடிக்காது. சம்பளம் கொடுக்க ராஜா இல்லாமல் போனால் அடிப்பவரும் இருக்க மாட்டார். இன்றைய பெட்டிக்கும் இதே கதிதான். சோலார் தகட்டைத் துடைக்க, பேட்டரி மாற்ற, செய்தி வந்தால் படித்து ஓடிவர அடிவாரத்தில் ஒரு ஆள் வேண்டும். கருவி வாங்கும் பணத்தை ஒரு நாளில் வசூல் செய்துவிடலாம். அந்த ஆளை வருடம் முழுக்க நிறுத்துவதுதான் கஷ்டம்.

அன்று மணி ஒலித்தது ஒரு ராஜா சாப்பிடுவதற்காக. இன்று ஒலிக்க வேண்டியது மலையேறியவர் வீடு திரும்பிச் சாப்பிடுவதற்காக. இதற்கு ஒரு ஆள் போடக் கூடாதா என்ன?