தப்பு பண்ணாம கத்துக்கிறது

கோட் எழுதுற நமக்கெல்லாம் ஒரு நம்பிக்கை உண்டு: பத்து தடவை தப்பு பண்ணாத்தான் பதினொண்ணாவது தடவை சரியா வரும். மூளைக்காய்ச்சலுக்கு அப்புறம் என் தாத்தாவுக்கு ஞாபகம் போனப்ப, நானும் அதையே நம்பினேன். பிரஷ்ஷைக் கையில கொடுத்து, "அடுத்து என்ன தாத்தா? யோசிங்க"ன்னு கேப்பேன். ஷேவிங் கிரீமை எடுப்பார். "அது இல்ல"ம்பேன். மறுநாளும் அதே கிரீம்.

ஏன்னு புரிய 1953-க்குப் போகணும். அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்டில் ஹென்றி மொலேசன் என்ற 27 வயது இளைஞருக்கு வலிப்புக்காக மூளையில் அறுவை சிகிச்சை நடந்தது. வலிப்பு குறைந்தது. ஆனால் அதன்பின் நடந்த ஏறக்குறைய எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம், கையைக் கண்ணாடியில் மட்டும் பார்த்தபடி ஒரு நட்சத்திரத்தின் விளிம்பில் கோடு இழுக்கச் சொன்னார். மூணே நாள்ல கை தேறிடுச்சு. ஆனா ஒவ்வொரு நாளும் அவருக்கு அதுதான் முதல் நாள்! ஆக, நடந்தது மறந்தாலும் கை கத்துக்கும்.

ஆனா, எதை? அதைக் காட்டியவர்கள் பிரிட்டனின் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும். 1994-ல் வெளியான ஆய்வில், ஞாபக மறதி கடுமையாக உள்ளவர்களுக்குச் சில சொற்களை இரண்டு விதமாகக் கற்றுத் தந்தார்கள். ஒன்றில், முதல் எழுத்துகளைச் சொல்லி மீதியை ஊகிக்க விட்டார்கள். மற்றதில், சரியான விடையை உடனே சொன்னார்கள். ஊகிக்க விடாத முறையே நன்றாக வேலை செய்தது. 'நேத்து இது தப்பாச்சே'ன்னு நமக்கு நினைவிருக்கும், திருத்திக்குவோம். அவங்களுக்கு அந்த நினைவு கிடையாது. அதனால, செஞ்ச தப்பே பழக்கமா படிஞ்சிடும்.

இதைப் படிச்சப்ப சுருக்குனு இருந்துச்சு. தாத்தாவுக்கு கிரீமைப் பழக்கினதே நான் வச்ச பரீட்சைதான்.

குளியல், சட்டை பட்டன், பல் விளக்குறது எல்லாத்துக்கும் வழி ஒண்ணுதான். வேலையைச் சின்னப் படிகளாப் பிரிக்கணும். தினமும் அதே இடம், அதே வரிசை. தடுமாறுறதுக்கு முன்னாடியே கை கொடுக்கணும், அப்புறம் அந்த உதவியைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைக்கணும்.

கிரீமை ஒளிச்சு வச்சேன். அவர் கைமேல என் கையை வச்சு தினமும் பேஸ்ட் எடுக்க வச்சேன். பல வாரம் கழிச்சு ஒரு காலையில, என் கையைத் தட்டி விட்டார்.

"பல்லு வெளக்கக்கூடவாடா எனக்குச் சொல்லித் தரணும்?"