ஒரு மணித்தியாலக் கணக்கு



யாழ்ப்பாணத்தவருக்குச் சைக்கிளைப் பற்றி நான் சொல்லித்தரத் தேவையில்லை. 1990இன் பின் பொருளாதாரத் தடைக்காலத்தில் மின்சாரமும் இல்லை, பற்றரியும் இல்லை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலிச் செய்தி கேட்டவர்கள் நாங்கள். அப்படிப்பட்ட ஒருவன் டென்மார்க் வந்து மகனைச் சைக்கிள் கழகமொன்றில் சேர்த்ததில் புதினம் இல்லை.

மகனுக்கு அப்போது 14 வயது. பாவித்த அலுமினியச் சைக்கிள் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். கூட ஓடிய பிள்ளைகள் சிலரிடம் காபன் சில்லுகள். யூலாந்தில் காற்றுத்தான் மலை. அதை வெட்டத்தான் அந்தச் சில்லு. ஒரு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வரும்போது காரில் கேட்டான்: “அப்பா, அவங்கள் என்னை வெண்டவங்களோ, அவங்கட சில்லு வெண்டதோ?” “சில்லைக் குறை சொல்லாமல் நல்லாப் பழகு” என்று வாயை அடைத்துவிட்டேன். ஒரு சோடியின் விலை எங்கள் ஒரு மாத வாடகையைவிட அதிகம் என்பதை அவனுக்குச் சொல்லவில்லை.

அவன் கேட்ட கேள்வியை வைத்து உலகச் சைக்கிளோட்டத்தில் ஐம்பது வருடம் வழக்கு நடந்திருக்கிறது. அதன் ஆரம்பப் பக்கங்களில் ஒரு டெனிஷ்காரரும் இருக்கிறார்.

ஒரு மணித்தியாலச் சாதனை என்பது எளிமையான போட்டி. வட்ட ஓடுபாதையில் தனி ஒருவர் 60 நிமிடம் ஓட வேண்டும். எவ்வளவு தூரம் என்பதுதான் கணக்கு. ஸ்லாகெல்சேயில் பிறந்த ஓலே ரிட்டர் 1968 ஒக்ரோபர் 10ஆம் திகதி, ஒலிம்பிக் தொடங்க இரண்டு நாள் இருக்க, மெக்சிக்கோ நகரத்தில் 48.653 கிலோமீற்றர் ஓடி உலக சாதனை படைத்தார். அந்த நகரம் கடல் மட்டத்திலிருந்து 2,200 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது, எதிர்ப்புக் குறைவு. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள்.

1972இல் பெல்ஜியத்தின் எடி மெர்க்ஸ் அதே நகரத்துக்கு வந்து 49.431 கிலோமீற்றர் ஓடினார். ரிட்டர் 1974இல் திரும்பிப் போய் முயன்றார். தன் பழைய தூரத்தைத் தாண்டினார், மெர்க்ஸைத் தாண்ட முடியவில்லை. அந்தத் தோல்வியை யோர்கன் லெத் ஆவணப்படமாக எடுத்திருக்கிறார்.

பிறகுதான் பொருள் மாறத் தொடங்கியது. 1984இல் இத்தாலியரான மோசர், கம்பிகள் இல்லாத தட்டுச் சில்லுகளோடு 51.151 ஓடினார். 1993இல் ஸ்கொட்லாந்தின் கிரேம் ஓப்ரி 51.596 ஓடினார். எனக்கு இந்தச் சரித்திரத்தில் ஆகப் பிடித்தவர் இவர்தான். சைக்கிள் கடை நடத்தி நொடித்துப்போனவர். தானே உருவாக்கிய சைக்கிளில் உடுப்புத் தோய்க்கும் இயந்திரத்தின் பெயாரிங்கைப் போட்டிருந்தார். கைகளை நெஞ்சுக்குக் கீழே மடக்கிக் குனிந்து ஓடும் முறையும் அவருடைய கண்டுபிடிப்பு. அடுத்த வருடமே அந்த முறை தடை செய்யப்பட்டது. தட்டுச் சில்லு ஓடுபாதைப் போட்டிகளில் இன்றும் ஓடுகிறது. காசில்லாதவன் கண்டுபிடித்தது போயிற்று, காசுள்ளவன் வாங்கியது நின்றது. கணக்காளன் கண்ணுக்கு இது தப்பவில்லை.

1996இல் இங்கிலாந்தின் கிறிஸ் போர்ட்மன் 56.375 ஓடினார். இது மனிதனா இயந்திரமா என்று கேள்வி பலமாக எழுந்தது. 2000ஆம் ஆண்டு சர்வதேசச் சைக்கிளோட்டச் சம்மேளனம் ஒரு கோடு போட்டது: மெர்க்ஸ் காலத்து மாதிரிச் சைக்கிளில் ஓடியதே சாதனை, 1972இன் பின் வந்தவை எல்லாம் வேறு பட்டியல். அதே போர்ட்மன் அந்த மாதிரிச் சைக்கிளில், மான்செஸ்டரில், 49.441 ஓடினார். மெர்க்ஸைவிடப் பத்து மீற்றர் மட்டும் கூட. 1996இல் ஓடியதைவிட ஏழு கிலோமீற்றர் அளவு குறைவு. நாலு வயது கூடியதும் அதில் சேர்த்திதான் என்றாலும், பெரும் பங்கு பொருளுடையதும் குனிந்த நிலையுடையதும்.

நியாயம் கிடைத்துவிட்டது போல இருக்கிறதல்லவா? கொஞ்சம் பொறுங்கள். மெர்க்ஸின் சைக்கிள் எளிய சைக்கிளே அல்ல. உருக்குச் சட்டந்தான்; ஆனால் கொல்னாகோ அவருக்கென்று ஆறு கிலோவுக்கும் குறைவாகச் செய்தது. டைட்டானியம் பாகம் இருந்தது, பாரம் குறைக்கச் சங்கிலியிலும் துளையிட்டார்கள். 1972இல் அதுவே உச்சத் தொழில்நுட்பம். காபனைத் தடுத்தவர்கள் மெக்சிக்கோவின் மெல்லிய காற்றைத் தடுக்கவும் இல்லை. கணக்கு முறையை மாற்றலாம், எங்கள் தொழிலில் அது குற்றமில்லை. ஆனால் எந்த வருடத்தை அடிப்படை வருடமாக எடுத்தாய் என்று கணக்காய்வாளர் கேட்பார்.

2014இல் சம்மேளனம் மறுபடி மனம் மாறி நவீன ஓடுபாதைச் சைக்கிளை அனுமதித்தது. 2022இல் இத்தாலியின் பிலிப்போ கானா முப்பரிமாண அச்சில் செய்த உலோகச் சட்டத்தில் 56.792 ஓடினார். பாவிக்கும் உபகரணம் எவரும் வாங்கக்கூடியதாகச் சந்தையில் இருக்க வேண்டும் என்று விதியும் இருக்கிறது. சந்தையில் இருப்பது வேறு, சட்டைப்பையில் காசு இருப்பது வேறு.

நாங்கள் கைதட்டிய பக்கமும் சுத்தம் என்றில்லை. கொரோனாவால் பிந்தி 2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் டென்மார்க்கின் நால்வர் அணி முன்கால்களில் மருத்துவ நாடா ஒட்டி ஓடியது. காயத்துக்கு அல்ல, காற்றை ஏமாற்ற என்று மற்ற அணிகள் முறையிட்டன. எச்சரிக்கையோடு விட்டார்கள், தகுதி நீக்கவில்லை. இறுதிப் போட்டியில் இத்தாலியிடம் 0.166 செக்கனில் தோற்று வெள்ளி எடுத்தது. இத்தாலி அணியில் அந்தக் கானாவும் இருந்தார். அன்றைக்குத் தொலைக்காட்சி முன்னால் நான் டென்மார்க்குக்காகக் கத்தினேன், நாடாவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

மகன் இரண்டு வருடத்தில் போட்டியை விட்டுவிட்டான். இப்போது வேலைக்குப் போவதும் அந்த அலுமினியச் சைக்கிளில்தான். போன மாதம் இந்தக் கணக்குகளை அவனுக்குக் காட்டினேன். “அப்ப நான் கேட்டது சரிதானே” என்றான். பாதி சரி என்றேன். மற்றப் பாதி, பயிற்சிக்கு அவன் ஒழுங்காகப் போகாதது.