இரத்தக் குழாயில் சுண்ணாம்பு

கொல்லிமலை அடிவாரத்துச் சேந்தமங்கலத்தைச் சுற்றியுள்ள நாமக்கல் வட்டாரத்தில் கோழிப்பண்ணைகள் மிகுதி. முட்டை ஓடு உறுதிப்பட வேண்டித் தீவனத்தில் சுண்ணாம்புக் கல் தூளும் கிளிஞ்சல் தூளும் கலப்பார்கள். அந்த ஓடு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டால் ஆனது. இதே பொருள் சிறுநீரக நோயாளிகளுக்கு மருந்தாகி, பின்னர் ஐயத்துக்கும் உள்ளானது.

1943-ல் நெதர்லாந்தில் வில்லெம் கோல்ஃப் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளிக்குப் பயன்படுத்தினார். 1960-ல் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் பெல்டிங் ஸ்கிரிப்னர் டெஃப்லான் குழாயை நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தினார். அதன் பின்னரே ஆண்டுக்கணக்கில் டயாலிசிஸ் செய்வது இயன்றது. அவருடைய முதல் நோயாளி கிளைட் ஷீல்ட்ஸ் மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். நம் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1971-ல் சிறுநீரக மாற்று அறுவை வெற்றி கண்டது. ஆயினும், மாற்றுச் சிறுநீரகம் கிட்டாதோர்க்கு இயந்திரமே துணை.

இயந்திரம் இரத்தத்திலுள்ள பாஸ்பரஸை முழுதும் நீக்குவதில்லை. எஞ்சிய பாஸ்பரஸ் கால்சியத்துடன் சேர்ந்து தமனிச் சுவரில் படிகிறது. தமனி விறைக்கிறது, இதயத்தின் சுமை கூடுகிறது.

இதைத் தடுக்க முதலில் அலுமினியம் ஹைட்ராக்சைடு தரப்பட்டது. அது குடலிலேயே பாஸ்பரஸைப் பிணைத்து வெளியேற்றியது. ஆனால் டயாலிசிஸ் நோயாளிகள் சிலருக்கு மூளை கெட்டது. அவர்களது மூளையில் அலுமினியம் மிகுந்திருந்ததை 1976-ல் ஆல்ஃப்ரி குழுவினர் கண்டனர். எனவே, 1980-களில் கால்சியம் கார்பனேட் அந்த இடத்தைப் பிடித்தது.

அதுவும் குற்றமற்றதன்று. 2000-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் குட்மன் குழுவினர் இளம் நோயாளிகளை ஆராய்ந்தனர். 20 முதல் 30 வயதுக்குட்பட்ட 16 பேரில் 14 பேருக்கு இதயத் தமனியில் சுண்ணாம்பு படிந்திருந்தது. படிவு கண்டவர்கள் கால்சியம் மாத்திரையை அதிகம் உட்கொண்டவர்கள். வெந்நீர்ப் பானையில் உப்புப் படிவதுபோல் இது தானே நிகழ்வதன்று என்பதும் அதே ஆண்டில் சியாட்டில் ஆய்வில் தெளிவாயிற்று. பாஸ்பரஸ் மிகுந்தால் தமனித் தசைச் செல்களே எலும்புச் செல்களைப்போல மாறிவிடுகின்றன!

1998-ல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற செவலமரில் அலுமினியமும் இல்லை, கால்சியமும் இல்லை. எனினும், படிந்த சுண்ணாம்பை உறுதியாகக் கரைக்கும் மருந்து இன்றும் இல்லை. வருமுன் காப்பதே வழி. அதற்கு உணவும் உதவும். முட்டையின் மஞ்சள் கருவில் பாஸ்பரஸ் மிகுதி. வெள்ளைக் கருவிலோ மிகக் குறைவு, புரதம் நிறைவு. நாமக்கல் முட்டையிலேயே விலக்க வேண்டியதும் உண்டு, கொள்ள வேண்டியதும் உண்டு. எதை, எவ்வளவு என்பதை மருத்துவரே சொல்ல வேண்டும்.